வீட்டு வைஃபை அடிக்கடி கட் ஆகுதா? பேக்கப்புக்கு சிம் ரூட்டர் வாங்கும் முன் இதைப் பாருங்க!

தெருவில் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டுகிறார்கள். ஜேசிபி ஒரு இழு இழுத்ததும் வீட்டு மோடத்தில் சிவப்பு லைட் எரிகிறது. கஸ்டமர் கேருக்கு போன் போட்டால், 'ஃபைபர் கட் சார், சாயங்காலத்துக்குள்ள சரியாயிடும்' என்கிறார்கள். எந்த நாள் சாயங்காலம் என்பதைத்தான் சொல்ல மாட்டார்கள்.

படம் பார்க்கிறவர்களுக்கு இது எரிச்சல், அவ்வளவுதான். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு அரை நாள் சம்பளம். ஆன்லைன் தேர்வு எழுதும் மாணவருக்கு ஒரு வருடம்கூட போகலாம். ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவை வெளியூரிலிருந்து சிசிடிவி வழியாகப் பார்த்துக்கொள்பவருக்கு, அந்தச் சில மணி நேரம் நெஞ்சு படபடப்பு.

அதனால்தான் பலரும் இப்போது சிம் போடும் ரூட்டர்களைத் தேடுகிறார்கள். பிராட்பேண்ட் போனால் செல்போன் நெட்வொர்க்கில் இருந்து இணையம் எடுத்து வீடு முழுக்க வைஃபை கொடுக்கும் கருவி. ஆனால் கடைக்குப் போனதும் முதலில் கேட்பது, 'இது எவ்ளோ ஸ்பீடு வரும்?' பேக்கப் விஷயத்தில் அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ கேட்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வி இதுதான்: பிராட்பேண்ட் எதனால் போகிறதோ, அதே காரணத்தால் இதுவும் போகுமா?

ஒரே கம்பெனி வேண்டாம்!

செல்போன் டவர் என்றால் எல்லாம் காற்றில் போகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் போனில் இருந்து டவர் வரைக்கும்தான் காற்று. டவரில் இருந்து அந்தப் பக்கம் போவது பல இடங்களில் தரைக்கடியில் ஓடும் ஃபைபர் கேபிள்தான். மற்ற டவர்கள் மைக்ரோவேவ் டிஷ் மூலம் அடுத்த டவரோடு பேசும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். வீட்டில் ஜியோ ஃபைபர் இருக்கிறது, பேக்கப் ரூட்டரிலும் ஜியோ சிம். உங்கள் ஏரியாவில் அந்த நிறுவனத்தின் முக்கிய ஃபைபர் அறுந்தால், வீட்டு இணைப்போடு சேர்த்து பக்கத்து டவரும் படுக்க வாய்ப்பு இருக்கிறது. ஏர்டெல் ஃபைபரும் ஏர்டெல் சிம்மும் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். நிறுவனத்தின் சர்வர் பக்கம் கோளாறு என்றால் சொல்லவே வேண்டாம், இரண்டும் சேர்ந்தே போகும்.

ஆக, பிராட்பேண்ட் எந்தக் கம்பெனியோ அதை விட்டுவிட்டு வேறு கம்பெனி சிம் எடுப்பதே பாதுகாப்பு. லோக்கல் கேபிள் ஆபரேட்டரிடம் நெட் வாங்கியிருந்தால், அவர் யாரிடமிருந்து இணைப்பு எடுத்துக் கொடுக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

ரூட்டருக்கு முன்னாடி சிக்னலைப் பாருங்க

வேறு கம்பெனி என்று முடிவாகிவிட்டது. அதில் எந்தக் கம்பெனி? விளம்பரம் பார்த்தோ, 'எங்க ஆபீஸ்ல செமயா எடுக்குது' என்று நண்பர் சொன்னதைக் கேட்டோ முடிவு செய்யாதீர்கள். உங்கள் வீட்டில், ரூட்டர் வைக்கப் போகும் அதே இடத்தில் எடுக்கிறதா என்பதுதான் விஷயம். இதற்குப் பைசா செலவில்லை. வீட்டுக்கு வரும் உறவினர், நண்பர்களின் போனை வாங்கி வைஃபையை அணைத்துவிட்டு ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பார்த்தால் போதும். காலையில் ஒரு தடவை, இரவு 9 மணிக்கு ஒரு தடவை. ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஊரே ரீல்ஸ் பார்க்கும் நேரத்தில் கிடைக்கும் வேகம்தான் உண்மையான வேகம்.

போனில் தெரியும் சிக்னல் கட்டைகளை நம்ப வேண்டாம். ஒரு போனில் நான்கு கட்டை காட்டும் சிக்னலை இன்னொரு போன் இரண்டு கட்டை என்று காட்டும். பல ஆண்ட்ராய்டு போன்களில் *#*#4636#*#* என்று டயல் செய்தால் நெட்வொர்க் விவரங்கள் திறக்கும். சில போன்களில் செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதிக்குள் 'சிம் ஸ்டேட்டஸ்' என்று இருக்கும். அங்கே ஆர்எஸ்ஆர்பி அல்லது சிக்னல் அளவு என்று ஒரு மைனஸ் எண் தெரியும்.

அந்த எண் பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. -80 என்றால் அருமை. -90 முதல் -100 வரை இருந்தால் வேலை ஓடும். -110க்குக் கீழே போனால் எவ்வளவு விலை கொடுத்து ரூட்டர் வாங்கினாலும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். கையில் போனை வைத்துக்கொண்டு ஹால், ஜன்னல் ஓரம், மாடிப்படி என்று ஒரு ரவுண்டு வந்தால், ஒரே வீட்டுக்குள் 15, 20 எண் வித்தியாசம் வருவதைப் பார்க்கலாம். எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கேதான் ரூட்டரின் இடம். டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் மறைத்து வைத்தால் அழகாக இருக்கும், சிக்னல் இருக்காது.

சிக்னல் சுமார்தான் என்றால், வெளி ஆன்டெனா மாட்டும் வசதி உள்ள ரூட்டரைப் பார்க்கலாம். பின்பக்கம் திருகிக் கழற்றும் ஆன்டெனா இருந்தால், அதைக் கழற்றிவிட்டு மொட்டை மாடியில் வைக்கும் ஆன்டெனாவில் இருந்து கேபிள் இழுக்கலாம். வாங்கும்போது அந்தத் திருகு 4ஜிக்கானதா, வெறும் வைஃபைக்கானதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஆன்லைனில் விற்கும் 'மொபைல் சிக்னல் பூஸ்டர்' பக்கம் மட்டும் போகாதீர்கள். அனுமதி இல்லாமல் அதைப் பொருத்துவது இந்தியாவில் சட்டவிரோதம். பக்கத்து வீடுகளின் சிக்னலையும் அது கெடுக்கும்.

அந்த பேண்ட் நம்பர் ஏன் முக்கியம்?

டெக்னிக்கலாக இருந்தாலும் இதைத் தாண்டிப் போக முடியாது. ஒவ்வொரு நிறுவனமும் குறிப்பிட்ட அலைவரிசைகளில்தான் சேவை தருகிறது. அவற்றுக்கு 'பேண்ட்' என்று எண் உண்டு. ஜியோவின் 4ஜி பேண்ட் 3, 5, 40 ஆகியவற்றில் ஓடுகிறது. ஏர்டெல் 4ஜிக்கு 1, 3, 8, 40. வோடபோன் ஐடியாவுக்கு 1, 3, 8, 41. பிஎஸ்என்எல் 4ஜிக்கு 28-ம் 1-ம் முக்கியம். எல்லா ஊரிலும் எல்லா பேண்டும் இருக்காது, ஆனால் ரூட்டரில் இவை இருக்க வேண்டும்.

இதில் பேண்ட் 5 என்பது 850 மெகாஹெர்ட்ஸ், 8 என்பது 900, 28 என்பது 700. குறைந்த அலைவரிசை என்பதால் சுவரைத் தாண்டி உள்ளே வரும், தூரமும் போகும். டவர் தள்ளி இருக்கும் கிராமங்களிலும், கான்கிரீட் அடுக்குமாடிகளின் உள் அறைகளிலும் கைகொடுப்பது இவைதான். 2300, 2500 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 40, 41 வேகம் தரும், சுவர் என்றால் சுணங்கும்.

அமெரிக்காவில் இருக்கும் மகனோ மகளோ லீவுக்கு வரும்போது வாங்கி வரும் ரூட்டர் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். அந்த நாட்டுச் சந்தைக்காகச் செய்த கருவிகளில் 2, 4, 12, 13, 66, 71 போன்ற பேண்டுகள்தான் பிரதானம். இவற்றில் இங்கே யாரும் 4ஜி தருவதில்லை. நம் ஊர் பேண்டில் ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் ரூட்டர் ஆன் ஆகும், லைட் எரியும், நெட் மட்டும் நொண்டும்.

பரணில் கிடக்கும் பழைய டாங்கிளும் அப்படித்தான். அதில் பெரும்பாலானவை 3ஜி. ஏர்டெல் 2020-லேயே 3ஜியை நிறுத்திவிட்டது, ஜியோவில் 3ஜி என்பதே கிடையாது. ஒரு நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட டாங்கிள் என்றால் வேறு சிம்மை ஏற்காதபடி லாக் செய்திருக்கவும் வாய்ப்பு உண்டு. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் கையோடு சிம்மைக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்த பிறகு காசு கொடுப்பது நல்லது.

5ஜி தேவையா? 'கேட்' என்றால் என்ன?

ரூட்டர் பெட்டியில் 'கேட் 4', 'கேட் 6' என்று போட்டிருக்கும். கேட் 4 என்றால் அதிகபட்ச டவுன்லோடு நொடிக்கு 150 மெகாபிட், அப்லோடு 50. கேட் 6 என்றால் டவுன்லோடு 300. இவை பரிசோதனைக்கூட எண்கள், நம் வீட்டில் இதில் ஒரு பங்குதான் வரும். ஆனால் ஒரு வீடியோ மீட்டிங்குக்கு உண்மையில் தேவை 2, 3 மெகாபிட்தான். வீட்டில் இரண்டு பேர் மீட்டிங்கிலும் ஒரு பிள்ளை ஆன்லைன் வகுப்பிலும் இருந்தால்கூட 10 மெகாபிட் நிலையாக வந்தால் சமாளிக்கலாம். அந்த வகையில் பேக்கப்புக்கு கேட் 4 தாராளம்.

கேட் 6-க்குக் கூடுதல் காசு கொடுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. அது இரண்டு பேண்டுகளை ஒரே நேரத்தில் சேர்த்து இழுக்கும். நெரிசலான ஏரியாவில், ராத்திரி நேரத்தில் வித்தியாசம் தெரியும்.

5ஜி ரூட்டர்களின் விலை 4ஜியை விடப் பல மடங்கு. நாட்டில் 5ஜி பரவலாக ஓடுவது என்78 என்ற 3300 மெகாஹெர்ட்ஸ் பேண்டில். வாசலில் பறக்கும், உள் அறைக்கு வந்தால் படுத்துவிடும். ஜியோவின் 5ஜி 'எஸ்ஏ' எனப்படும் தனித்து இயங்கும் முறை என்பதால், ரூட்டரிலும் எஸ்ஏ ஆதரவு இருக்க வேண்டும். எப்போதாவது சில மணி நேரம் தேவைப்படும் பேக்கப்புக்காக மட்டும் இவ்வளவு செலவு செய்வது, மழைக்காலத்தில் நனையாமல் போக கார் வாங்குவது மாதிரி. 2023-ல் வந்த ஏர்ஃபைபர் சேவைகளை சிலர் இரண்டாவது இணைப்பாக வைத்துக்கொள்கிறார்கள். வேலை முழுக்க நெட்டை நம்பி இருந்தால் அது சரி. ஆனால் அது மாதாமாதம் கட்டணம் கட்டும் முழு இணைப்பு என்பதை மறக்க வேண்டாம்.

சொல்லப்போனால், ஒருவர் மட்டும் ஒரு லேப்டாப்பில் வேலை பார்க்கும் வீட்டில், மாதத்தில் ஒன்றிரண்டு மணி நேரம்தான் நெட் போகிறது என்றால் எதையும் வாங்க வேண்டாம். போன் ஹாட்ஸ்பாட் போதும். பாக்கெட் சைஸ் ஹாட்ஸ்பாட் கருவிகள் பயணத்துக்கு நல்லவை. அவற்றையோ பழைய போனையோ வருடம் முழுக்க சார்ஜரில் சொருகியே வைத்திருந்தால் பேட்டரி உப்பிவிடும். ஆள் இல்லாத வீட்டில் அப்படி விட்டுவிட்டுப் போவது ஆபத்து.

தானாக மாறுமா, யாராவது மாற்றணுமா?

வெளியூரில் இருந்து சிசிடிவி பார்ப்பவர்களுக்கும், டெக்னாலஜி தெரியாத பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கும் இதுதான் உயிர்நாடி. பிராட்பேண்ட் போனதும் ரூட்டர் தானாகவே சிம்முக்கு மாற வேண்டும், வந்ததும் தானாகத் திரும்ப வேண்டும். இதற்குப் பெயர் 'ஃபெயில்ஓவர்'. சிம் போடும் எல்லா ரூட்டரிலும் இது இருக்காது. விலை குறைந்த பலவற்றில் பிராட்பேண்ட் கேபிள் சொருக 'வான்' போர்ட்டே இருக்காது. அது இல்லையென்றால் பேக்கப் பேச்சுக்கே இடமில்லை.

அதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. தெருவில் ஃபைபர் அறுந்தாலும், வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ஃபைபர் மோடத்துக்குக் கரண்ட் இருக்கிறது. அதில் இருந்து ரூட்டருக்கு வரும் கேபிளும் உயிரோடுதான் இருக்கிறது. கேபிளை மட்டும் பார்க்கும் ரூட்டர், 'எல்லாம் நல்லாத்தான இருக்கு' என்று நினைத்து சிம்முக்கு மாறவே மாறாது. சிவப்பு லைட்டைப் பார்த்துக்கொண்டு நாம் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எனவே இணையத்தில் உள்ள ஒரு முகவரிக்கு, உதாரணத்துக்கு 8.8.8.8 அல்லது 1.1.1.1-க்கு, அவ்வப்போது 'பிங்' அனுப்பி பதில் வருகிறதா என்று சோதிக்கும் ரூட்டராக இருக்க வேண்டும். விற்பவரிடம் இதைக் கேளுங்கள். பதில் தெளிவாக வரவில்லை என்றால் நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மாடலின் கையேட்டைப் படித்துப் பார்ப்பது உத்தமம்.

மாட்டுவதில் செய்யும் ஒரு தவறு: புது ரூட்டரை வைத்துவிட்டு, போனும் டிவியும் கேமராவும் பழைய மோடத்தின் வைஃபையிலேயே இருப்பது. அப்படி இருந்தால் சிம் ரூட்டர் அதன் பாட்டுக்கு வேலை செய்யும், வீட்டில் ஒருவருக்கும் நெட் வராது. பழைய மோடத்தின் வைஃபையை அணைத்துவிட்டு, அதே பெயரையும் பாஸ்வேர்டையும் புதிய ரூட்டருக்கு வைத்துவிட்டால் எல்லாக் கருவிகளும் தானாகவே இதில் ஒட்டிக்கொள்ளும்.

மாட்டி முடித்ததும் டெஸ்ட் செய்ய வேண்டும். ரூட்டரின் வான் கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பது அரை டெஸ்ட்தான். மோடத்தில் வந்து சேரும் மெல்லிய ஃபைபர் வயரை மெதுவாகக் கழற்றி, சிவப்பு லைட் வந்த பிறகும் நெட் வருகிறதா என்று பார்ப்பதே முழு டெஸ்ட். வயரை மடக்கவோ, முனையைத் தொடவோ, அதற்குள் கண்ணை வைத்துப் பார்க்கவோ கூடாது.

மாறும்போது ஐபி முகவரி மாறுவதால் ஓடிக்கொண்டிருக்கும் மீட்டிங் சில விநாடி நின்று வரும், ஆபீஸ் விபிஎன் மறுபடி கனெக்ட் ஆகும். இது கோளாறு இல்லை. சிசிடிவியைப் பொறுத்தவரை, செல்போன் நெட்வொர்க்கில் பொதுவாக நம் வீட்டுக்கென்று தனி ஐபி முகவரி தருவதில்லை, பலருக்கும் சேர்த்து ஒன்றுதான். அதனால் 'போர்ட் ஃபார்வர்டிங்' முறையில் வெளியில் இருந்து பார்க்கும் பழைய செட்டப் சிம்மில் வேலை செய்யாது. கேமரா நிறுவனத்தின் செயலி வழியாக, கிளவுட் மூலம் பார்ப்பவர்களுக்குப் பிரச்சினை வராது.

கரண்ட் போனா?

ஃபைபர் அறுப்பை விட, கரண்ட் போவதால் நெட் போகும் வீடுகள் நிறைய. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில், ரூட்டருக்கு என்றே விற்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று போதும். சில மணி நேரம் தாங்கும். மோடம், சிம் ரூட்டர் இரண்டையும் அதில் மாட்ட வேண்டும். அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதோ அதற்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். 9 வோல்ட் கருவியில் 12 வோல்ட்டைச் சொருகினால் கதை முடிந்தது. பல வீடுகளுக்கு இந்த யுபிஎஸ் மட்டுமே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும், சிம் ரூட்டரே தேவைப்படாது.

ஆனால் ஒரு எல்லை இருக்கிறது. 2016 டிசம்பரில் வர்தா புயலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையும் சென்னையை முடக்கியபோது, பல பகுதிகளில் மின்சாரம் நாள் கணக்கில் இல்லை. செல்போன் சிக்னலும் சேர்ந்தே போனது. டவரிலும் இருப்பது பேட்டரியும் டீசல் ஜெனரேட்டரும்தான். பேட்டரி தீர்ந்து, தண்ணீரில் டீசல் வண்டி போக முடியாவிட்டால் டவர் நின்றுவிடும். அந்த மாதிரி நாட்களுக்கு சிம் ரூட்டரை நம்பி முக்கியமான வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம்.

சிம், ரீசார்ஜ்... எவ்ளோ ஆகும்?

தினம் 2 ஜிபி பிளான் பேக்கப்புக்கு ஒத்துவராது. வீடியோ மீட்டிங்குக்கு மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி போகலாம். டிவியில் ஹெச்டி படம் என்றால் மணிக்கு 3 ஜிபி வரை, 4கே என்றால் 7 ஜிபி வரை. மதியத்துக்குள் 2 ஜிபி தீர்ந்து வேகம் 64 கேபிபிஎஸ்-க்கு இறங்கினால், வாட்ஸ்அப்பில் குட்மார்னிங் அனுப்பலாம், வேறு எதுவும் ஓடாது. தினசரி வரம்பு இல்லாமல் மொத்தமாக டேட்டா தரும் பேக்கோ, போஸ்ட்பெய்ட் ஃபேமிலி பிளானில் கூடுதல் சிம்மோ எடுப்பது நல்லது. வெறும் டேட்டா பூஸ்டர் போட்டால் போதும் என்று நினைப்பவர்கள், அதற்கு அடிப்படை பிளான் நடப்பில் இருக்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனுக்கான அன்லிமிடெட் 5ஜி சலுகை ரூட்டரில் செல்லுமா என்பதையும்தான்.

நெட் சிம்முக்கு மாறியதும் டேட்டாவைக் குடிப்பது நாம் இல்லை, டிவியும் விண்டோஸ் அப்டேட்டும் கூகுள் போட்டோஸும்தான். லேப்டாப் வைஃபை செட்டிங்கில் 'மீட்டர்டு கனெக்ஷன்' என்று போட்டு வைத்தால் பெரும்பாலான அப்டேட்கள் காத்திருக்கும்.

வங்கிக் கணக்கோடு இணைத்த நம்பரின் சிம்மை ரூட்டரில் போட வேண்டாம். ஓடிபி எல்லாம் ரூட்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். புது சிம் வாங்குவதில் சிக்கல் இல்லை, தமிழ்நாட்டில் ஒருவர் பெயரில் 9 சிம் வரை வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே எத்தனை இருக்கிறது என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்க முடியும். சிம்முக்கு பின் லாக் இருந்தால் எடுத்துவிட வேண்டும்.

இன்னொன்று, பேக்கப் சிம்மை மாட்டிவிட்டு மறந்தே போவது. 90 நாட்கள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்ட் எண்ணை நிறுவனம் முடக்கலாம் என்பது டிராய் விதி. கணக்கில் குறைந்தது 20 ரூபாய் இருப்பு இருந்தால் அதிலிருந்து பிடித்துக்கொண்டு எண்ணைத் தக்கவைப்பார்கள். எண் தப்பினாலும், வேலிடிட்டி முடிந்திருந்தால் டேட்டா வராது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிராட்பேண்டை அணைத்துவிட்டு பத்து நிமிடம் சிம்மில் ஓட்டிப் பாருங்கள். ரீசார்ஜ் முடிந்திருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும், திங்கட்கிழமை காலை மீட்டிங்கில் தெரிய வேண்டாம்.